மணிச்சத்தைக் கண்ணுக்குக் காட்டிய டாக்டர்

சிவகிரிப் பக்கத்து விவசாயிகள் மண் பரிசோதனைக்கு மண் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயலில் பல இடங்களில் சிறு குழி வெட்டுவார்கள். குழியின் ஓரத்தைச் சுரண்டி மண் எடுப்பார்கள். எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, கழித்துக் கழித்துக் கடைசியில் அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டி அனுப்புவார்கள்.

நெல்லோ, கரும்போ, எலுமிச்சையோ, எந்தப் பயிருக்கும் மூன்று சத்துக்கள் முக்கியம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. இதில் மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. மோந்து பார்த்தாலும் தெரியாது. பரிசோதனை நிலையத்தில் மண்ணின் சாறைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார்கள். சில மருந்துகளைச் சேர்ப்பார்கள். சற்று நேரத்தில் நீல நிறம் எழும். வெளிறிய நீலம் என்றால் மணிச்சத்துக் குறைவு. அடர்ந்த நீலம் என்றால் அதிகம்.

வயலில் இருக்கும் அதே மணிச்சத்து நம் உடம்பிலும் இருக்கிறது. எலும்பில் இருக்கிறது. பல்லில் இருக்கிறது. இரத்தத்தில் இருக்கிறது. உடம்பை நடத்தி வைக்கும் புரதங்களின் மேலும் சின்னஞ்சிறு பொட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொட்டு இடம் மாறினால், அளவு மீறினால், வியாதி வருகிறது.

வீட்டில் வயதான ஆச்சி இருப்பார். நேற்று வரை பேரப்பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொன்னவர், இன்று பெற்ற மகனைப் பார்த்து யார் என்று கேட்பார். வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆனால் இது அல்சைமர் என்ற மறதி நோயாக இருக்கலாம். அதற்கு உதவும் ஓர் இரத்தப் பரிசோதனையை அமெரிக்க சர்க்கார் 2025-ம் ஆண்டில் அனுமதித்தது. மூளையிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஒரு புரதத்தின் மேல், குறிப்பிட்ட ஓர் இடத்தில், மணிச்சத்துப் பொட்டு ஒட்டியிருப்பதை அந்தப் பரிசோதனை பிடித்துவிடுகிறது. எதைக் கொண்டு பிடிக்கிறது? எதிர்ப்பொருளைக் கொண்டு!

எதிர்ப்பொருள் என்றால் என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். உடம்புக்குள் இருக்கும் மணிச்சத்தை நம்பிக்கையாக அளக்க முதலில் உலகத்துக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் இரவு நேரச் சிப்பந்தியாக வேலை பார்த்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்குக் கிளம்பிய சிறுவன்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, கோதாவரிக் கரைப் பகுதியில் உள்ள பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். அது அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். தந்தை ஜகந்நாதம் சர்க்கார் உத்தியோகஸ்தர். உடல்நலம் கெட்டதால் காலத்துக்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெரிய குடும்பம். வருமானம் சுருங்கியது. தாயார் வெங்கம்மாதான் வீட்டைத் தாங்கினார்.

சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. 13 வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது என்பது திட்டம்!

காசி வரை போகவில்லை. வழியிலேயே பிடிபட்டார். வெங்கம்மா மகனை இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மாள் அன்று விட்டிருந்தால் காசியில் இன்னொரு பழக்கடை வந்திருக்கும். அவ்வளவுதான்.

உட்கார வைத்தாலும் படிப்பு ஏறவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். தந்தையும் இறந்துபோனார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முறை எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். கணக்கு நன்றாக வந்தது. ஆனால் மனம் துறவறத்தின் பக்கம் போனது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆக விரும்பினார். தாயார் அனுமதி தர மறுத்துவிட்டார். தாயின் சம்மதம் இல்லாமல் மடத்தாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வைத்தியம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று யோசனை சொன்னார்கள். சுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர்ச் சட்டைக்குக் கிடைத்த பரிசு

1919-ம் ஆண்டு மே மாதம் சுப்பாராவுக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி மருமகனின் படிப்புச் செலவுக்கும் உதவினார்.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் பரவிய காலம் அது. அந்நியத் துணியை விட்டுக் கதர் உடுத்த வேண்டும் என்றார் அவர். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கி உடுத்திக்கொண்டு போனார். ரண சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாக எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு சர்க்கார் வைத்தியப் பணிக்கு முயன்றார். கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய இடி ஒன்றும் அவர் வாலிபத்தில் விழுந்தது. கிராணி என்று நம் ஊரில் சொல்வோமே, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் கழிந்து கழிந்து ஆளை உருக்கும் நோய், அது அவருடைய சகோதரர்கள் இருவரை எட்டே நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. பிறகு சுப்பாராவையும் அது பிடித்தது. ஆங்கில வைத்தியத்தில் அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் சுப்பாராவ் பிழைத்தார். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு ஆசிரியராக வேலை பார்த்தார். வைத்தியத்தில் தேறியவருக்கே தன் சகோதரர்களைக் காப்பாற்ற மருந்து இல்லையே என்ற ஏக்கம் அவரை விடவில்லை.

மேல்நாட்டுக்குப் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று துடித்தார். மாமனாரும், காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தாரும் உதவினார்கள். இளம் மனைவியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, சில வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிக் கப்பல் ஏறினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு கணவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இரவில் சிப்பந்தி, பகலில் ஆராய்ச்சி

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அங்கே புகழ் பெற்ற ஹார்வர்டு வைத்தியக் கல்லூரி. சுப்பாராவ் உஷ்ண தேசத்து வியாதிகளைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். சென்னை எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. உபகாரச் சம்பளமும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தி வேலைதான் கிடைத்தது. டாக்டராக நடக்க வேண்டியவர் நோயாளிகளுக்கு எடுபிடி வேலை செய்தார். விடிந்ததும் படிக்கப் போவார்.

டிப்ளமா வாங்கியபின், உயிர் வேதியியல் பகுதியில் பேராசிரியர் சைரஸ் பிஸ்கேயிடம் சேர்ந்தார். அங்கேதான் மணிச்சத்து அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

ஐந்து நிமிட நீலம்

இரத்தத்தில் மணிச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், எலும்பு நோய், சிறுநீரக நோய் முதலியவற்றைக் கண்டுபிடிக்க உதவும். அளக்கும் முறைகள் முன்பே இருந்தன. மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்தால் மணிச்சத்து அதனோடு கூடிக்கொள்ளும். பிறகு இன்னொரு மருந்தை ஊற்றினால் நீல நிறம் வரும். இதெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் அந்த நிறம் நிலையாக நிற்காது. மெதுவாக வரும். கலந்திருக்கும் வேறு பொருள்கள் கெடுத்துவிடும். ஒருவர் அளந்தது ஒரு கணக்கு, மற்றவர் அளந்தது வேறு கணக்கு என்று ஆகிவிடும்.

பிஸ்கேயும் சுப்பாராவும் நிறம் வரச் செய்யும் மருந்தை மாற்றினார்கள். அளவுகளைத் திருத்தினார்கள். சுமார் ஐந்து நிமிடத்தில் தெளிவான நீலம் வந்தது. அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு அதை ஒப்பிட்டால் போதும், கணக்குச் சரியாக வந்தது. இரத்தத்துக்கும் சரி, சிறுநீருக்கும் சரி, அதே முறை. 1925-ம் ஆண்டு அந்த முறையை இருவரும் வெளியிட்டார்கள். உலகத்து ஆராய்ச்சிசாலைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. பிஸ்கே - சுப்பாராவ் முறை என்று இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் மண் பரிசோதனையில் எழும் நீலமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நீலம் கையில் வந்ததும் சுப்பாராவ் அதைத் தசைச் சாறில் போட்டுப் பார்த்தார். அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கம் போல ஐந்து நிமிடத்தில் நிறம் வரவில்லை. தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வேறொருவராக இருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். இவர்கள் விடவில்லை. ஏன் தாமதம்? மணிச்சத்து வேறு எதோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பிரிந்து வந்த பிறகே நீலம் வருகிறது! தேடிப் பார்த்தார்கள். பாஸ்போகிரியாட்டின் என்ற புதிய பொருள் அகப்பட்டது. அது 1927-ம் ஆண்டு. தசை சட்டென்று வேலை செய்ய உதவும் சேமிப்பு அது. அதே சமயத்தில் இங்கிலாந்திலும் வேறு இருவர் அந்தப் பொருளைக் கண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதைவிடப் பெரியது கிடைத்தது. ஏ.டி.பி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்களே, அந்தப் பொருள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் 1929-ம் ஆண்டிலேயே தனியாக அதைக் கண்டுபிடித்தார். நாம் கையைத் தூக்கினாலும், மூச்சு விட்டாலும், மனதில் ஒன்றை நினைத்தாலும் செலவாகும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். சோறு செரித்துக் கிடைக்கும் பலத்தை உடம்பு இந்த நாணயமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. நாணயத்தில் மூன்று மணிச்சத்துத் துண்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். கடைசித் துண்டு கழன்றால் பலம் வெளிப்படும்.

கழன்ற துண்டு எங்கே போகிறது? பல சமயங்களில் ஒரு புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டவைக்கும் வேலையைச் செய்யும் புரதங்களும் உடம்பில் உண்டு. புரதத்தின் மேல் வைக்கும் பொட்டுக்கு மஞ்சள் குங்குமம் எங்கிருந்து வருகிறது என்றால், சுப்பாராவ் கண்ட அந்த ஏ.டி.பி.யிலிருந்துதான் வருகிறது!

ஆசிரியர் பதவி கிடைக்கவில்லை

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தர ஆசிரியர் பதவி கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. 1930-ல் பி.எச்டி. பட்டம் கொடுத்தார்கள். உதவியாளராகவே வைத்திருந்தார்கள்.

சுப்பாராவிடம் ஒரு குணம் உண்டு. தன் பெயரை முன்னால் தள்ள மாட்டார். மேலே இருப்பவர் பெயர் முன்னே வந்தால் ஒதுங்கி நிற்பார். பிஸ்கேயின் ஆராய்ச்சிசாலையிலேயே படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளியே வராமல் போய், பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று தெரிவித்திருக்கிறார். பிஸ்கேயின் பொறாமையே காரணம் என்பது அவர் கருத்து. இருக்கலாம். சுப்பாராவின் அடக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. தன் உழைப்புக்குத் தானே பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

கிராணிக்குப் பழி தீர்த்தது

1940-ல் அவர் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் ராஜ்யத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துத் தொழிற்சாலையின் ஆராய்ச்சிப் பகுதியில் சேர்ந்தார். சீக்கிரமே அதற்குத் தலைவரானார். அடுத்த எட்டு வருஷங்களில் நடந்தவை ஒரு மனிதன் ஆயுளில் நடக்கக்கூடியவையா என்று கேட்கத் தோன்றும்.

முதலில் போலிக் அமிலம். ஈரலிலும் கீரையிலும் இருக்கும் உயிர்ச்சத்து இது. பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அம்மாள், அதைத் தீர்க்கும் ஏதோ ஒரு சத்து ஈஸ்டில் இருக்கிறது என்று முன்பே காட்டியிருந்தார். அந்தச் சத்துத்தான் இது. சுப்பாராவின் குழு இதை ஆராய்ச்சிசாலையிலேயே செயற்கையாகச் செய்து 1945-ல் அறிவித்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இதுவும் சேர்ந்திருக்கிறது. குழந்தையின் முதுகெலும்பு பிளவுபடாமல் காக்கிறது. இன்னொன்றும் உண்டு. கிராணி நோய்க்கும் அது மருந்தானது! சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து, அவர் கையாலேயே வந்தது.

போலிக் அமிலத்தின் உருவத்தைச் சற்று மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அது நல்ல சத்தைத் தடுக்கும் பொருளாகியது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர், இரத்தப் புற்று நோயால் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். சில குழந்தைகள் எழுந்து விளையாடின. தற்காலிகமாகத்தான், நோய் திரும்பி வந்தது. ஆனாலும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் அது. அதற்குத் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாத நோய்க்கும் கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் நோய் நம் நாட்டில் பரவலாக இருந்தது. பெருத்த காலோடு நடக்க முடியாமல் இருந்தவர்களை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களையும் அந்தப் புழுக்கள் பிடித்தன. மருந்து தேடினார்கள். சுப்பாராவின் குழு 1947-ல் ஹெட்ரஸான் என்ற மருந்தை வெளியிட்டது. டி.இ.சி. மாத்திரை என்று பின்னாளில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, கண் முன்னால் விழுங்க வைத்தார்களே, அந்த மாத்திரைதான் இது!

மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம் போன்ற கிருமியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தையும் அவர் காலத்தில் லெடர்லி எடுத்தது. அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர் என்ற எழுபது வயது தாண்டிய தாவர நிபுணர். வேறிடத்தில் வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்த மனிதரை இங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

அதே 1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கடைசி வரை அவர் அமெரிக்கப் பிரஜை ஆகவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பவும் இல்லை.

முயல் கொடுத்த கண்

அவர் இறந்த பிறகுதான், புரதத்தின் மேல் உள்ள மணிச்சத்துப் பொட்டின் மகிமை முழுதாகத் தெரிந்தது. பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மேல் மணிச்சத்து ஒட்டியிருப்பது பழைய காலத்திலிருந்தே தெரியும். ஆனால் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்தார்கள். 1955-ல் அமெரிக்காவில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர் உண்மையைக் கண்டார்கள். பொட்டு வைத்தால் புரதம் வேலை செய்கிறது. பொட்டை எடுத்தால் வேலையை நிறுத்துகிறது. விளக்கின் சுவிட்சு போல! 1992-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் உள்ள புரத வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பொட்டு ஏறி இறங்குகிறது என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

இங்கேதான் சுப்பாராவின் நீலத்துக்கும் ஓர் எல்லை வந்தது. நீலம் மொத்த மணிச்சத்து எவ்வளவு என்று சொல்லும். எந்தப் புரதத்தின் மேல், எந்த இடத்தில் என்று சொல்லாது. கூட்டத்தில் எத்தனை பேர் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும். நம் வீட்டுப் பெண் பொட்டு வைத்திருக்கிறாளா என்று சொல்லாது. அதற்கு வேறு கண் வேண்டும்.

அந்தக் கண்தான் எதிர்ப்பொருள். அந்நியப் பொருள் ஒன்று உடம்புக்குள் வந்தால், அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள இரத்தத்தில் ஒரு தற்காப்புப் புரதம் உண்டாகும். அம்மை ஒரு தடவை வந்தவருக்கு மறு தடவை வராததற்குக் காரணம் இதுதான். பாம்புக் கடிக்குப் போடும் ஊசி மருந்தும் குதிரையின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளே. ஏ, பி, ஓ என்று இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், இன்னொன்றையும் காட்டினார். புரதத்தின் மேல் சின்ன ரசாயனத் துண்டு ஒன்றை ஒட்டி முயலுக்குச் செலுத்தினால், அந்தத் துண்டை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் முயலின் இரத்தத்தில் உண்டாகிறது!

இதே வழியில், 1981-ல் மணிச்சத்துப் பொட்டை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை அமெரிக்காவில் உண்டாக்கினார்கள். இப்போது அதை எப்படிச் செய்கிறார்கள்? வேண்டிய புரதத்தின் ஒரு சிறு துண்டைப் பொட்டோடு சேர்த்துச் செயற்கையாகச் செய்வார்கள். அது மிகச் சிறியது. முயலின் உடம்பு அதைச் சட்டை செய்யாது. ஆகவே பெரிய புரதம் ஒன்றின் முதுகில் ஏற்றி முயலுக்குச் செலுத்துவார்கள். சில வாரங்கள் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அதில் பல எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். பொட்டு இல்லாத புரதத்தையும் பிடித்துக்கொள்பவை அதில் இருக்கும். அவை வேண்டாம். பொட்டில்லாத துண்டுகள் நிறைந்த குழாய் வழியே இரத்த நீரை ஓட விட்டால், வேண்டாதவை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வேண்டியவை வெளியே வந்துவிடும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான்.

அப்படியும் நம்பிவிடக்கூடாது. சில எதிர்ப்பொருள்கள் ஏமாற்றும். வேறு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, இதுதான் அது என்று காட்டும். ஆகவே நல்ல ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்வார். புரதத்தின் மேலிருக்கும் மணிச்சத்தைக் கழற்றிவிடும் ஒரு நொதியை முதலில் ஊற்றுவார். பொட்டு போய்விடும். பிறகு எதிர்ப்பொருளை விடுவார். இப்போதும் அது ஒட்டினால், அது பொய்ச் சாட்சி! தூக்கி எறிய வேண்டியதுதான். இந்தச் சோதனை செய்யாமல் அவசரப்பட்டு எழுதிய ஆராய்ச்சிகள் பின்னால் தவறு என்று தெரிந்த கதைகளும் உண்டு.

மறதி நோயில் டா என்ற புரதத்தின் மேல் மணிச்சத்துப் பொட்டு அளவுக்கு மீறி ஏறிவிடுகிறது. அந்தப் புரதத்தில் 217-வது இடத்தில் உள்ள பொட்டைத்தான் ஆரம்பத்தில் சொன்ன இரத்தப் பரிசோதனை தேடுகிறது. மூளையில் சேரும் இன்னொரு பொருளின் அளவோடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. முன்பெல்லாம் முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். அல்லது அதிகச் செலவாகும் படம் எடுக்க வேண்டும். மறதியின் அறிகுறி தெரிந்து சிறப்பு வைத்தியரிடம் வருகிறவர்களுக்கு மட்டுமே இந்தப் பரிசோதனை. கையில் ஒரு சொட்டு எடுத்து எல்லோருக்கும் ஜோசியம் சொல்வதற்கல்ல. நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் ஆச்சிக்கு வந்திருப்பது அந்த நோயா, அல்லது வைட்டமின் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும் மறதியா என்று தெரிந்துகொள்வது சின்ன விஷயம் அல்ல. பின்னதற்கு மருந்து உண்டு.

இத்தனைக்கும் பிறகு பழைய நீலம் ஓய்ந்துவிடவில்லை. ஏதேனும் ஒரு நொதி மணிச்சத்தை எவ்வளவு வேகமாகக் கழற்றுகிறது என்று அளக்க, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்றும் மாலிப்டினத்தைக் கலந்து நீலத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சணத்துக்கு அவர் பெயரை வைத்து, சுப்பாரோமைசஸ் என்று அழைத்தார்கள். 1995-ல், அவர் பிறந்து நூறு வருஷம் ஆனபோது, இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது.